ஞாயிற்றுக்கிழமைக்காரி

மழை சட்டென்று பிடித்துக்கொண்டது. பேருந்து நிறுத்தத்துக்குள் ஓடி வந்தவன் அவள் மீது மோதினான். அவன் போன் கீழே விழுந்து, பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளின் குரலில் தானாகப் பேசத் தொடங்கியது...

“கண்ணு தெரியாதா?” என்று கேட்க வந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் அப்பாவுக்குக் கண் தெரியாது. அவருக்காகத்தான் அந்த இலவச மென்பொருளில், குரல் எங்கே நிறுத்திப் படிக்க வேண்டும் என்பதை ஆறு வருடங்களாகக் காசு வாங்காமல் எழுதிவந்தாள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வேலை போக மிஞ்சியது ஞாயிறு மட்டுமே.

“மூச்சே விடாம படிக்குது. எழுதினவன் மனுஷன்தானா?” என்றாள் போனைப் பார்த்து.

“நான்தாங்க எழுதினேன். சோதிச்சுப் பாக்கத்தான் போன்ல வச்சிருக்கேன்.” இமையில் மழைத்துளியோடு நிமிர்ந்தான். “மத்தவங்க எழுதினதுக்குக் கீழே இப்படித் திட்டிக் குறிப்பு எழுதற ஆள் ஒருத்தர்தான்... நீங்க ஞாயித்துக்கிழமைக்காரியா? எங்க ஆபீஸ்ல உங்க பேரே அதான்.”

அவள் முகம் இறுகியது. மூன்று மாதங்களுக்கு முன் ஒரு கம்பெனி, அந்த மென்பொருளுக்கென்று ஐந்து பேரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. அவர்கள் புதன்கிழமை கூடிப் பேசி, வெள்ளிக்குள் அவள் பகுதியை மாற்றிவிட்டார்கள். ஞாயிறு அவள் திறந்தபோது ஆறு வருடங்களைக் காணோம்!

மானமுள்ள வீடு அது. “அழையாத வீட்டுக்கு என் பொண்ணு போகமாட்டா. அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே” என்றார் அப்பா. அன்றிலிருந்து ஞாயிறுகளில் அவள் துணி மடிக்கிறாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடிக்கிறாள்...

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டிருக்கணும். நாங்க அஞ்சு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினோம். அந்த ரூம்ல நீங்க இல்லைங்கறதே உறைக்கல. உங்க பகுதியைப் பழையபடி எழுதி வச்சிட்டேன். உங்க சம்மதம் இல்லாம வெளியிட மனசு வரல. பதினோரு ஞாயிறா ஆபீஸ்ல தனியா உட்கார்ந்து, உங்க பழைய திட்டையெல்லாம் படிச்சிட்டிருக்கேன்.”

“அதுக்கும் சம்பளம் உண்டோ?”

“இல்லீங்க...” குரல் தணிந்தது. “மத்த நாளெல்லாம் சம்பளத்துக்கு. ஞாயிறு உங்களுக்கு.”

அவள் மழையைப் பார்த்தாள்.

“நாங்க அழையாம வரமாட்டோம்.”

“வீட்டுக்கே வந்து, அப்பாகிட்ட முறையா அழைக்கிறேன்.”

“எதுக்குன்னு கேட்பாரே?”

“வேலைக்குன்னு ஆரம்பிக்கிறேன்... மிச்சத்தை அவரே கேட்டுக்கட்டும்.”

சிரிப்பை அடக்கப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

“ஞாயித்துக்கிழமையே வாங்க,” என்றாள் மெல்ல. “அன்னிக்குத்தான் எனக்குப் பொழுதே போகமாட்டேங்குது... நீங்க எழுதறதைத் திட்டாம.”