சங்கு தின்ற கேக்

செவ்வாய், காலை 6.10.

எண்ணூர்க் கழிமுகத்தின் கரையில் சங்கு செத்துக் கிடந்தது. வாயோரம் நுரை. நாலு காலும் விறைத்திருந்தன. பக்கத்தில் பாதி தின்ற கப் கேக், காகிதக் கிண்ணத்தோடு.

சங்கு ஒரு தெரு நாய். ஆலைச் சங்கு மாதிரி ஊரையே எழுப்பும் என்பதால் குப்பத்துக்காரர்கள் வைத்த பேர். கரையை ஒட்டிய எண்ணெய்க் கிடங்கில், விடியும் நேரம் பார்த்துக் கழிவு எண்ணெயைத் தண்ணீரில் திறந்துவிடுவார்கள். வால்வுப் பக்கம் ஆள் போனாலே சங்கு கத்தும். குப்பம் செல்போனோடு ஓடி வரும். ஆறு மாதத்தில் நாலு தடவை அப்படி மூட வைத்தார்கள்.

இன்றைக்கு சங்கு கத்தவில்லை. தண்ணீர் கருத்துக் கிடந்தது. இறால் வலைகளில் தார் பூசினாற்போல் எண்ணெய்.

6.40. கிறிஸ்டினாவின் ஓவனைத் தூக்கி வந்து தெருவில் போட்டு உடைத்தார்கள்.

அந்த கேக்கைச் சுட்டவள் அவள்தான். பத்து வருஷம் ஐஸ் ஃபேக்டரியில் பனிக்கட்டிப் பார் தூக்கியவள். முதுகு போன பிறகு நாய்களுக்கு கேக் சுட ஆரம்பித்தாள். கோதுமை மாவு, வாழைப்பழம், கேரட், முட்டை. சர்க்கரை கிடையாது. மேலே கெட்டித் தயிர்ப் பூச்சு. கிடங்குக் கம்பெனி குவார்ட்டர்ஸில் நாய்க்குப் பிறந்தநாள் என்றால் இவளுக்குத்தான் போன் வரும். மிஞ்சுவது சங்குவுக்கு. சும்மா.

7.30. சப் இன்ஸ்பெக்டர் அன்புக்கரசி ஜீப்பிலிருந்து இறங்கினாள். எர்ணாவூர்க்காரி. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். உடைந்த ஓவனைப் பார்த்ததும் அவளுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது.

"இத்த யாரு உடைச்சது?"

"நான்தான்," என்று முன்னால் வந்தாள் புஷ்பவல்லி. மீன் கூடைக்காரி. கையில் இன்னும் இரும்புக் கம்பி. "பின்ன இன்னா மேடம், கொஞ்சணுமா? கம்பெனிக்காரன் வூட்டு நாய்க்கெல்லாம் கேக்கு போட்டுக்கினு கீறா. அவன் சொன்னா இவ விஷம் வெக்க மாட்டாளா? எங்க வலையெல்லாம் போச்சு. இவள உள்ள தள்ளு. இல்ல, நாங்க பார்த்துக்கறோம்."

"கம்பியக் கீழ போடு மொதல்ல."

கிறிஸ்டினா வாசலில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து எத்தினி கேக் வெச்சே?"

"ஆறு. சாயங்காலம் நாலு மணிக்கு எவர்சில்வர் டப்பாவுல போட்டு, கிடங்கு கேட்டாண்ட வாட்ச்மேன் ஷெட் பலகை மேல வெச்சேன். தெனமும் அங்கதான் வெப்பேன். விடியக்காலம் கருணாகரண்ணன் எடுத்துப் போடும்."

"குவார்ட்டர்ஸுக்கும் அதே மாவுதானா?"

"அதே மாவு, அதே தயிரு. அங்க ஒம்போது நாய் துன்னுச்சு. ஒண்ணாவது செத்துச்சா, கேளு." கூட வந்த ஏட்டு டீத்தூக்கை நீட்டினார். கிறிஸ்டினா முந்தானையால் மூடியைத் துடைத்துவிட்டுத் திறந்தாள். குடிக்கவில்லை. "என்னிய சந்தேகப்படறதுன்னா படு மேடம். ஆனா இந்தக் குப்பத்துல பொறந்தவ நானு. அத்த மறந்துட்டாங்க பாரு, அதான் எரியுது."

8.05. வாட்ச்மேன் ஷெட். டப்பா பலகை மேலேயே இருந்தது. அன்புக்கரசி கையுறை மாட்டி, மூடியைத் துடைத்துவிட்டுத் திறந்தாள். உள்ளே நாலு கேக். ஒன்றைப் பிட்டாள். நடுவில் பச்சைப் பசேல் என்று எலி மருந்து. தயிர்ப் பூச்சு வெள்ளையாக இல்லை. சாம்பல் நிறக் கோடுகள் அதற்குள் குழைந்திருந்தன. டப்பாவின் உள்சுவரில் காய்ந்த தயிர், ஒரு விரல் அகலத்துக்கு.

அந்தத் தயிரையே அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

கருணாகரன் வந்தார். கிடங்கின் ராத்திரி வாட்ச்மேன். குப்பத்துக்காரர். கையில் சாப்பாட்டு டப்பா.

"எத்தினி மணிக்கு டூட்டி?"

"எட்டு டு அஞ்சு மேடம்."

"டப்பாவை எப்போ தொறந்தே?"

"அஞ்சு மணிக்கு, போறப்போ. இருட்டு. கையில வந்த ரெண்ட எடுத்துப் போட்டேன். ஒண்ணு துன்னுச்சு, அடுத்தது பாதி." அவர் தன் கையைப் பார்த்தார். "என் கையாலயே போட்டேன் மேடம். வால ஆட்டிக்கினே துன்னுச்சு."

"பகல் வாட்ச்மேன்?"

"நேத்து லீவு. சாயங்காலம் ஸ்டாஃபெல்லாம் நாலரை பஸ்ஸுல போயிடுவாங்க. நான் வர்ற வரிக்கும் கேட்ட சூப்பர்வைசர்தான் பார்த்துக்கினாரு."

"சாப்புடு நைனா. அப்புறம் பேசலாம்."

அவர் தன் டப்பா மூடியைத் தட்டி, ஊதி, துண்டால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் திறந்தார். இட்லியை வெறித்துப் பார்த்தார். திரும்ப மூடினார்.

12.50. சூப்பர்வைசர் ரஞ்சித்தின் ஏசி அறை. வந்து மூன்று மாதம். சட்டையில் மடிப்பு கலையாத ஆள்.

"நேத்து எப்போ கிளம்புனீங்க?"

"ஏழேமுக்கால். வாட்ச்மேன் தெருமுனையில வர்றதப் பார்த்துட்டுத்தான் கார எடுத்தேன்."

"அந்த டப்பா?"

"எந்த டப்பா? நான் பார்த்ததே இல்ல மேடம். அந்தம்மாவ விசாரிங்க. ஊரே சொல்லுது. நாய் கேக்காம், கப் கேக்காம். சோத்துக்கு வழியில்லாத இடத்துல இதெல்லாம் ஒரு தொழிலா?"

அன்புக்கரசி நோட்டில் 'பார்த்ததே இல்ல' என்று எழுதிக்கொண்டாள்.

பதினோரு மணிக்கே வந்து வராந்தாத் திண்டில் காத்திருந்த சாப்பாட்டுக் கேரியரைப் பியூன் உள்ளே கொண்டு வந்தான். ரஞ்சித் பேசிக்கொண்டே மூடியை வெடுக்கென்று இழுத்தான். மேலே படிந்திருந்த சாம்பல் சரிந்து சாதத்தில் விழுந்தது.

"ச்சே! கருமம் புடிச்ச ஊர்."

"ஆமா சார்," என்றாள் அன்புக்கரசி, எழுந்துகொண்டே. "கொஞ்சம் கேட்டு வரைக்கும் வாங்க."

1.15. கேட்டருகே குப்பம் முழுக்கக் கூடியிருந்தது. டப்பாவைக் கையில் பிடித்தபடி அன்புக்கரசி பேசினாள்.

"எல்லாரும் கேளுங்க. அனல்மின் நிலையத்துச் சாம்பல் நம்ம தலையில வருஷக்கணக்கா கொட்டுது. நாலு மணிக்கு ஒரு டப்பாவ வெளிய வெச்சா, ஏழு மணிக்கு மூடி மேல கோலம் போடலாம். அதனால இங்க பொறந்தவன் எவனும் மூடியத் துடைக்காமத் தொறக்க மாட்டான். தூக்கத்துலகூட கை தானாப் போவும். காலையில கிறிஸ்டினா துடைச்சா. கருணாகரன் துடைச்சாரு. நானும் துடைச்சேன், யோசிக்காமலே. ஆனா இந்த டப்பாக்குள்ள சாம்பல் விழுந்து கீது."

"பறந்து வந்து விழுந்திருக்கும்," என்றான் ரஞ்சித்.

"பறந்து வந்தா தயிர் மேல ஒட்டும். இது தயிருக்குள்ள கொழைஞ்சு கெடக்குது. இன்னா அர்த்தம்? ஒருத்தன் மூடியத் துடைக்காமத் தொறந்தான். சாம்பல் கேக்குல கொட்டுச்சு. அப்புறம் ஓட்டை போட்டு மருந்த வெச்சான். ஓட்டை தெரியாம இருக்க விரலால தயிர வழிச்சு மூடினான். அப்பதான் சாம்பல் உள்ள போச்சு. சாம்பல் கொட்டினவனும் விஷம் வெச்சவனும் ஒரே ஆளு. கிறிஸ்டினா வூட்டுல வெச்சிருந்தா தயிர் வெள்ளையா இருந்திருக்கும். நேத்து நாலரைக்கு மேல எட்டு மணி வரைக்கும் இந்த கேட்டுல இருந்தது ஒரே ஒருத்தன். மூணு மாசமாச்சு, இன்னும் மூடி தொறக்கத் தெரியல."

ரஞ்சித் சிரித்தான். "சாப்பாட்டு டப்பா தொறக்கறத வெச்சு கேஸா? கோர்ட்ல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். வழிச்ச விரல டப்பா உள்பக்கம் தொடச்சிருக்கான். தயிர் காஞ்சு ரேகை பளிச்சுனு கீது. எடுக்க ஆள் வந்துகினு கீறாங்க. பார்த்ததே இல்லைன்னு சொன்ன டப்பாவுல உன் விரல் எப்படி வந்துச்சுன்னு அவங்ககிட்ட சொல்லு."

ரஞ்சித்தின் கை தானாகப் பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது. சிரிப்பு நின்றது.

"ஒரு தெரு நாய்க்காகவா மேடம் இவ்ளோ? வால்வத் திறக்கும்போதெல்லாம் அது கத்தி... மேல இருந்து என்னைத்தான் திட்டறாங்க. நான் என்ன செய்யறது?"

"இவங்க சோத்துல எண்ணெய ஊத்தணும். அத்தப் பார்த்துக் கத்தற ஒரே வாயையும் மூடணும். பழி கேக்கு சுட்டவ தலையில போவணும். அவ்ளோதான?" அன்புக்கரசி ஜீப்பின் பின்கதவைத் திறந்தாள். "நாய்க்கு ஒரு கேஸ். தண்ணிக்கு ஒரு கேஸ். ஏறுடா வண்டியில."

அவள் செல்போன் அடித்தது. மேலதிகாரியின் பேர். எடுக்காமல் பாக்கெட்டில் போட்டாள்.

ஜீப் போன பின்னும் கூட்டம் கலையவில்லை. புஷ்பவல்லி மெல்லக் கிறிஸ்டினாவிடம் வந்தாள்.

"கிறிஸ்டி... தெரியாம செஞ்சுட்டோம்மே. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஓவன் வாங்கிக் குடுத்துடறோம்."

கிறிஸ்டினா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஓவன் அப்பறம். இவன் போனா இன்னொருத்தன் வருவான், வால்வு அங்கியேதான் கீது. நாளைக்கி விடியக்காலம் நாலு மணிக்கு என்கூட வந்து அங்க குந்து. காலையில என் வூட்டாண்ட கத்துனியே, அதே சத்தத்துல கத்து. இன்னாமே, வருவியா?"