மலைப் பக்கம் போன முள்

கிளமென்ட் மாமா குவைத்திலிருந்து லீவில் வந்தபோது ஒரு கேமரா கொண்டுவந்தார். எதிரில் இருப்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று அதுவே பார்த்து, அதுவே ஃபோகஸ் செய்துகொள்ளும்.

பேட்ரிசியாவின் அப்பாவிடமும் ஒரு கேமரா இருந்தது. அதில் லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தை, உருவம் தெளியும்வரை கையால் திருப்பவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் முக்கொம்பு அணைக்குப் போனார்கள். மாமாவுக்கு ஒரே ஆசைதான். அவர் வெளிநாட்டில் இருந்தபோது பிறந்தவள் அவருடைய மகள் ரோஸ்லின். இப்போதுதான் நிற்கப் பழகியிருந்தாள். அவளை நடுவில் நிறுத்தி, அவரும் அத்தையும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுக்கவேண்டும். அதைக் குவைத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

அப்பா முதலில் தன் கேமராவைக் கண்ணில் வைத்தார்.

“அசையாதீங்க. இன்னும் கொஞ்சம்... இதோ ஆச்சு...”

“மச்சான், சிரிச்சு சிரிச்சு வாய் வலிக்குது,” என்றார் மாமா.

அப்பா பட்டனை அழுத்திய நேரத்தில் ரோஸ்லின் ஓர் ஆட்டைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

பிறகு அப்பா மாமாவின் கேமராவை வாங்கினார். கண்ணில் வைத்ததுதான் தெரியும், ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்டது. ரோஸ்லினின் சிரிப்பு முடிவதற்குள் படம் எடுத்தாகிவிட்டது.

“இதுதான் வேகம்,” என்றார் மாமா பெருமையாக.

மாமா குவைத்துக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் இரண்டு கேமராக்களின் படங்களும் வந்தன. அப்பாவின் கேமராவில் எடுத்த படத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது. ரோஸ்லினின் பின்னந்தலைகூடத் தெளிவாக இருந்தது. முகம்தான் இல்லை. மாமாவின் கேமராவில் எடுத்ததில் ரோஸ்லின் சிரித்தாள். ஆனால் மூன்று பேரும் புகைக்குள் நிற்பதுபோல மங்கலாக இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருந்த அணை மதகுகள் பளிச்சென்று தெரிந்தன.

“நான்தான் கையை ஆட்டிட்டேன் போல,” என்றார் அப்பா. அவர் முகம் வாடிவிட்டது.

“பரவாயில்ல மச்சான், அடுத்த தடவை பார்த்துக்கலாம்,” என்றார் மாமா.

அடுத்த தடவை என்றால் இரண்டு வருடம் கழித்து. அத்தை ரோஸ்லினைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

பேட்ரிசியாவுக்கு ஒன்று புரியவில்லை. அப்பாவின் கை ஆடியிருந்தால் மதகுகளும் கலங்கித்தானே இருக்கவேண்டும்? மாமாவின் கேமராவில் எடுத்த எல்லாப் படங்களையும் தரையில் பரப்பினாள். அத்தை தனியாக நின்ற படம் தெளிவாக இருந்தது. மாமா மட்டும் இருந்த படமும் தெளிவு. இரண்டு பேர் தள்ளித் தள்ளி நின்ற படங்கள்தான் மங்கல்.

“மாமா, கேமராவைக் கொஞ்சம் தரீங்களா? பத்திரமா வச்சுக்கறேன்.”

அதன் வழியாகப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு மனிதத் தலையும் ஒரு மலையும் குட்டியாக வரையப்பட்டிருந்தன. பட்டனைப் பாதி அழுத்தினால் ஒரு முள் நகர்ந்தது. மாமாவுக்கு நேராகப் பிடித்தாள். முள் தலைக்குப் போனது. மாமாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் பிடித்தாள். முள் தூரத்தைக் காட்டும் மலைக்குப் போய்விட்டது.

“அப்பா, நீங்க கையை ஆட்டல,” என்றாள். “நம்ம கேமரா மெதுவாப் பார்த்தாலும், நீங்க காட்டுற ஆளைப் பார்க்குது. மாமா கேமரா சட்டுனு பார்க்குது. ஆனா நடுவுல என்ன இருக்கோ அதைத்தான் பார்க்குது. அன்னைக்கு நடுவுல யாரும் இல்ல.”

“ரோஸ்லின் நடுவுலதானே நின்னா?” என்று கேட்டார் மாமா.

“அவ குள்ளம், மாமா. கேமரா அவ தலைக்கு மேல பார்த்திருக்கு.”

மாமா யோசித்தார். “அப்போ எங்க மூணு பேரையும் எடுக்கவே முடியாதா?”

பேட்ரிசியா மறுபடியும் முயன்றாள். மாமாவின் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பட்டனைப் பாதி அழுத்தினாள். விரலை எடுக்காமல் கேமராவை மெல்ல நகர்த்தினாள். முள் தலையிலேயே நின்றது.

“முடியும் மாமா. காலையில எடுத்துடலாம்,” என்றாள்.

மறுநாள் காலை மாமா புது ஃபிலிம் போட்டார். மொட்டை மாடியில் மூவரும் நின்றார்கள். பேட்ரிசியா அத்தையின் முகத்தில் கேமராவை நிறுத்தி, பாதி அழுத்தி, நடுவுக்குத் திருப்பினாள். அப்பா அவளுக்குப் பின்னால் நின்று காக்கா மாதிரி கத்தினார். ரோஸ்லின் சிரித்தாள். க்ளிக்.

மெயின்கார்டு கேட் பக்கம் இருந்த, ஃபிலிம் கழுவும் கலர் லேபில் படத்தைச் சாயங்காலம் தருவதாகச் சொன்னார்கள். விமானம் பிடிக்கப் போகும் இரவு ரயிலுக்குப் பெட்டி கட்டியாகிவிட்டது.

அப்பா ஸ்கூட்டரில் போய்க் கவரை வாங்கிவந்தார். மாமா அதைக் கையில் வைத்துக்கொண்டு பிரிக்காமலே நின்றார்.

“நீயே பிரிம்மா,” என்று பேட்ரிசியாவிடம் நீட்டினார்.

அவள் படத்தை வெளியே எடுத்தாள். அத்தையின் புடவைப் பூக்கள் தெரிந்தன. மாமாவின் மீசையில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. ரோஸ்லினின் இரண்டே இரண்டு பற்களும், மோவாயில் வழிந்த எச்சிலும்கூடத் தெரிந்தன.

அப்பா நீளமாக மூச்சுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மாமா பேட்ரிசியாவின் தலையைத் தடவினார்.

அத்தை படத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதைத் தன் பைபிளுக்குள் வைத்து மூடிவிட்டார்.

“அது நான் கொண்டுபோறதுக்கு,” என்றார் மாமா.

“இது எனக்கு. நீங்க வேற ஒரு பிரிண்ட் போட்டுக்குங்க. ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு.”

மாமா சிரித்துக்கொண்டே ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.