கடைசி மிதி

ஸ்டூடியோவின் பின்வாசல் வழியாகத்தான் ரெனெட்டா ப்ரூயிட்டை உள்ளே விட்டார்கள். அவள் அம்மாவையும் அந்த வாசல் வழியாகத்தான் விட்டார்கள். முப்பது வருஷத்தில் வாசல் மாறவில்லை, பெயின்ட் மட்டும் மாறியிருந்தது. ஷூப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவளுக்கு, அந்தக் காலை வெயிலிலேயே பற்றிக்கொண்டு வந்தது.

லெனோர் கிரே ஆடிய பழைய பாட்டுப் படம் ஒன்றைத் துடைத்துப் புதுப்பித்து மறுபடி வெளியிடப் போகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் அதைப் பார்க்காத ஆள் கிடையாது. வேலை போனவன் பார்ப்பான், புருஷனோடு சண்டை போட்டவள் பார்ப்பாள், பார்த்துவிட்டு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். வெள்ளி கவுனில் லெனோர் படிக்கட்டில் ஆடிக்கொண்டே இறங்குவாள். கடைசிப் படியில் ஓங்கி ஒரு மிதி. 'தம்' என்று அந்தச் சத்தம் விழுந்ததும் தியேட்டரே எழுந்து கைதட்டும்.

கால்கள் லெனோருடையவை. சத்தம் அவளுடையது இல்லை.

படம் பிடிக்கும்போது பாட்டை அலறவிடுவதால் காலடி ஓசை பதிவாகாது. அதனால் பிறகு ஓர் இருட்டறையில் திரையில் படத்தை ஓடவிட்டு, மரப்பலகைமேல் தகடு அடித்த ஷூவோடு ஆடி அந்த ஓசையைச் சேர்ப்பார்கள். சேர்த்தவள் ஒடெஸா ப்ரூயிட். லெனோருக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். கறுப்பினத்துப் பெண் என்பதால் படத்தில் அவள் முகமும் இல்லை, பெயரும் இல்லை. 'ஒவ்வோர் அடியும் லெனோரின் சொந்த அடி' என்று போஸ்டரில் கூசாமல் அச்சடித்தார்கள். பதிவு நடந்த அன்றே ஒடெஸா செத்துப்போனாள். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மாரடைப்பு என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ரெனெட்டா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தப் பாட்டின் ஒலிச்சுருள் புளித்துப்போய்ப் பொடியாக உதிர்ந்துவிட்டது. அந்த அடிகள் முழுசாகத் தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான் மிச்சம். தெற்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கும் ரெனெட்டா.

பதிவறை வாசலில் கார்டன் ஹாஸ்கெல் காத்திருந்தார். பழைய படங்களுக்கெல்லாம் பொறுப்பாளர். நரைத்த தலை, பளபளக்கும் ஷூ.

"பேரு போடணும், மிஸ்டர் ஹாஸ்கெல். எங்கம்மா பேரு. அதுக்குத்தான் வந்தேன்."

"முதல்ல ஆடும்மா, பேசிக்கலாம். உங்கம்மா பதிவுல நான்தான் உதவியாளனா நின்னேன். தங்கமான மனுஷி."

"தங்கமான மனுஷிக்கு ஒரு வரி எழுத்துக்கு வழியில்லாமப் போச்சா?"

அவர் சிரித்து மழுப்பினார். ஒலிப்பதிவாளன் வென்டெல் நடுவில் புகுந்தான். "ரெனெட்டா, இங்க ஒரே ஒரு சட்டம்தான். சிவப்பு விளக்கு எரியறப்ப எவனும் கதவைத் திறக்கக் கூடாது. உன் வீடு தீப்பிடிச்சு எரிஞ்சாக்கூட, விளக்கு அணைஞ்சப்புறம்தான் சொல்லுவேன்."

உள்ளே ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சு. சொந்த மூச்சே காதில் இரைந்தது. புளித்த பிலிம் நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாசனை மெல்ல எழுந்தது. முழங்கால் வலிக்குப் பூசும் பச்சைத் தைலம். ராத்திரி ராத்திரி அம்மாவுக்கு அவள் தேய்த்துவிட்ட தைலம்.

விளக்கு சிவந்தது. திரையில் லெனோர் இறங்கினாள். ரெனெட்டாவின் கால்கள் தாமாகவே கிளம்பின. எரிச்சல் என்னவென்றால், இத்தனை வெறுப்பிலும் அந்த ஆட்டம் அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த வெள்ளி கவுன், கவலையே இல்லாத அந்தத் தோள்கள். எத்தனை வயதானாலும் மனசு அங்கே போய் நின்றுவிடுகிறது. தன் அம்மாவைத் தின்ற படத்தைப் பார்த்துத் தன் முகமே மலர்வதை அவளால் பொறுக்க முடியவில்லை.

கடைசிப் படி. அம்மா சொல்லிக்கொடுத்தபடியே வலது காலைத் தூக்கிக் காற்றில் நிறுத்தினாள். ஓசையில்லாமல்.

"மிதி எங்க?" ஹாஸ்கெலின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"எங்கம்மா ஆட்டத்துல மிதி கிடையாது. காலைத் தூக்கி நிறுத்தினா முடிஞ்சுது."

"ஊர் உலகமே அந்த மிதிக்குத்தான் கைதட்டுது!"

"திரையில பாருங்க. கவுன் விழுந்து காலை மூடுது. அவ மிதிச்சதை யாரு பார்த்தாங்க?"

விளக்கு அணைந்தது. அவள் வெளியே வந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கருவிகள் இருந்த அறையில் இருவரோடும் உட்கார்ந்தாள். வென்டெல் பதிவைப் போட்டான்.

தட் தட தட். சுத்தமான அடிகள். கொஞ்ச நேரத்தில் வென்டெல் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"ரெண்டு பேர் ஆடறாங்க" என்றான் மெதுவாக.

இரண்டாவது ஜோடிக் கால்கள் கொஞ்சம் கனமானவை. கூடவே மூச்சு. இழுத்து இழுத்து, நடுவில் சிக்கிச் சிக்கி வரும் மூச்சு.

பிறகு ஒரு பெண்ணின் குரல். "கதவைத் திறங்க தம்பி. நெஞ்சு அடைக்குது."

ஓர் இளைஞனின் குரல். "விளக்கு எரியுதுல்ல? ஆடி முடி."

அடிகள் தடுமாறின. ஓடின. நின்றன.

தம்.

ரெனெட்டா மிதிக்கவில்லை. அவள் அம்மாவும் மிதிக்கவில்லை. உலகம் முப்பது வருஷமாகக் கைதட்டியது ஒடெஸா பலகையில் விழுந்த சத்தத்துக்கு.

அந்த இளைஞன் யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. குரலுக்குச் சொந்தக்காரர் வெளுத்துப்போய்ப் பக்கத்தில்தான் இருந்தார்.

"எவனோ விளையாடறான். அழி அதை."

வென்டெல் அழித்தான். மறுபடி போட்டான். வெறும் நாடாவிலிருந்து மூச்சு வந்தது.

"மைக்லதான் ஏதோ கோளாறு" என்று சீறிக்கொண்டு ஹாஸ்கெல் அறைக்குள் போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"நான் தொடலை" என்றான் வென்டெல். இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹாஸ்கெலின் ஒரு கால் துடித்தது. பிறகு மற்றது. பளபளக்கும் தோல் ஷூவில் தகடு இல்லை, ஆனாலும் தகட்டுச் சத்தம் கேட்டது. தொடையை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார். கால்கள் கேட்கவில்லை. ஆடினார். அழகாக ஆடினார், அதுதான் பயங்கரம்.

"வென்டெல், கதவைத் திற!"

வென்டெல் எழுந்தான். ரெனெட்டா கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"விளக்கு எரியுது."

"அந்த ஆளு செத்துடுவாரு, ரெனெட்டா."

"சட்டம் சொன்னது நீதானே?" ஒலிபெருக்கிப் பொத்தானை அமுக்கினாள். "இது யாரோட ஆட்டம்? பேரைச் சொல்லுங்க."

"லெனோர்..."

அடிகள் வேகம் பிடித்தன.

"ஒடெஸா! ஒடெஸா ப்ரூயிட்! போடறேன், சத்தியமா அவ பேரைப் போடறேன்!"

விளக்கு அணைந்தது. ஹாஸ்கெல் பலகையில் மண்டியிட்டு வாந்தி எடுத்தார். ரெனெட்டா தன் ஷூவைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகவே போனாள்.

ஹாலிவுட் பெருவீதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் படம் வெளியானது. வரிசை தெருமுனை வரை நின்றது. ரெனெட்டா கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுத்து ஓடுவதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். திரைச்சீலை தைத்தவன் பெயர் வந்தது. நாய் பழக்கியவன் பெயர் வந்தது.

ஒடெஸா வரவில்லை.

படிக்கட்டில் லெனோர் இறங்கினாள். கடைசியில் அந்தத் 'தம்' விழுந்தது. அன்றைய பதிவில் மூச்சையும் குரல்களையும் வெட்டிவிட்டு ஹாஸ்கெல் அதை மட்டும் அப்படியே வைத்திருந்தார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. ஒடெஸா செத்து விழும் சத்தத்துக்குப் பக்கத்து இருக்கைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ரெனெட்டாவுக்குத் தியேட்டரையே கொளுத்தலாம் போலிருந்தது. எழுந்து வெளியே வந்தாள்.

நல்ல வெயில். தெருவைக் கடக்க நின்றாள். அவளுக்கு எதிரே ஒரு கறுப்புக் கார் வந்து சிக்னலில் நின்றது. பின்சீட்டில் ஹாஸ்கெல், கோட்டில் ஒரு பூவோடு.

விளக்கு சிவப்பு.

முதலில் தைல வாசனை வந்தது. அப்புறம் காரின் அடியிலிருந்து மெல்ல, தட் தட தட்.

ஹாஸ்கெல் முழங்கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். டிரைவர் திரும்பிப் பார்த்தான். பாதி இறங்கியிருந்த கண்ணாடி வழியாக ஹாஸ்கெல் ரெனெட்டாவைக் கண்டுகொண்டார்.

"போடறேன்" என்று முனகினார். "இந்தத் தடவை நிஜமா போடறேன். நிறுத்தச் சொல்லு."

"எங்கம்மாவும் கேட்டாங்கல்ல, கதவைத் திறங்கன்னு."

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. குறுக்குத் தெருவில் ஒரு வண்டிகூட வரவில்லை. ஹாஸ்கெலின் மூச்சு இழுத்து இழுத்து, நடுவில் சிக்கிச் சிக்கி வந்தது. எல்லாரும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிவப்பு மாறவில்லை.