மதராஸ் கப்பலும் ஒரு நந்தியும்

"வாளிய இப்படிக் குடு. நான் கறந்துக்கறேன்."

உமாபதி சொல்லி முடிப்பதற்குள் வாளி அவர் கைக்குப் போய்விட்டது. அமராவதி வெறுங்கையோடு மாட்டுக்கொட்டகை வாசலில் நின்றாள். கணவர் வாளியை வாங்கிக்கொண்டார் என்று மரியாதைக்குச் சொல்லலாம். பிடுங்கிக்கொண்டார் என்பதுதான் சரி.

ஆடி மாதத்திலிருந்து இதே கூத்துதான். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தை விட்டுக் கோலா சிலாங்கூருக்குக் குடிவந்த நாள் முதலாக அந்த வீட்டு மாடுகள் அறிந்ததெல்லாம் அமராவதியின் கையைத்தான். செவலைப் பசுவுக்கு வேறு யார் மடியில் கைவைத்தாலும் பிடிக்காது. பாலை அடக்கிக்கொண்டு காலை வீசும். உமாபதியையும் ஆரம்பத்தில் நன்றாகவே உதைத்தது. மனிதர் முழங்காலில் எண்ணெயைத் தடவிக்கொண்டு மறுநாளும் போய் உட்கார்ந்தார். இப்போது அவர் கையும் அதற்குப் பழகிவிட்டது.

'என் கைக்கு என்ன குறை வந்துவிட்டது?' என்று அவளுக்குக் கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. அந்த வீட்டில் அவள் கேட்காமல் விட்டதையெல்லாம் சேர்த்து ஏற்றினால் ஒரு லோரி கொள்ளாது.

ஆனால் இன்றைக்கு ஒன்றைக் கேட்டே தீரவேண்டியிருந்தது.

"என்னங்க... கப்பல் வர்ற வெள்ளிக்கிழம கெளம்புதாம். இன்னும் எடம் பதியலியே..."

செவலையின் வயிற்றில் தலையைச் சாய்த்தபடி, திரும்பாமலேயே அவர் சொன்னார். "நந்தி... நந்தி பாப்போம்."

நந்தி! முப்பது வருட இல்லறத்தை ஒரே சொல்லில் சொல் என்றால் அமராவதி இதைத்தான் சொல்வாள். மலாய்ச் சொல். அப்புறம், பிறகு, ஆகட்டும் பார்க்கலாம் என்று அர்த்தம். அவளுடைய மலாய் முழுவதும் மீன்காரனிடம் பேரம் பேசும் அளவுக்குத்தான். மிச்சமெல்லாம் கணவர் வாயிலிருந்து காதில் விழுந்தது. அப்படி விழுந்ததில் அதிகம் விழுந்தது இந்த நந்திதான். சிவன் கோயில் நந்தியாவது ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இவளுடைய நந்தி போகிற வழியெல்லாம் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம் வழியாக மதராஸ் போகும் கப்பல் அது. நாகப்பட்டினத்தில் அவளுடைய ஒரே தங்கை நல்லம்மாள் இருந்தாள். தாயில்லாத பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அமராவதி. கல்யாணமாகிக் கப்பலேறிய அன்றைக்கு, சீக்கிரம் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். போன தடவை ஊருக்குப் போய்வந்த பக்கத்துத் தெருச் செல்லன் வந்து சொன்ன செய்தியைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"தங்கச்சிக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருதுக்கா. ஆப்பரேசன் பண்ணியும் சரிப்படல. 'எங்கக்கா மொகத்த ஒரு தடவ பாத்துட்டேன்னா, அப்புறம் இருட்டே வந்தாலும் வரட்டும்'னு சொல்லி அழுவுது. இப்பவே எடத்த பதிஞ்சிடுங்க. முன்னாடியே பதிஞ்சாத்தான் கீழ்ப்படுக்க கெடைக்கும், வட்டக் கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்துல. கடைசி நேரத்துல போனா மிஞ்சுனதுதான்!"

உமாபதிக்கு வேறு சாத்திரம். "அதெல்லாம் ஒண்ணும் இல்லலா. கெளம்பப்போற நேரத்துலதான் டிக்கெட் விக்கிற சீன மொதலாளி தௌக்கே காலியா கெடக்கற எடத்தையெல்லாம் வந்த வெலைக்குத் தள்ளுவான். நந்தி பாத்துக்கலாம்."

அமராவதிக்கு முன்கூட்டிப் பதிவது புதிதும் அல்ல. முன்பு மூன்று முறை பதிந்து, மூன்று முறையும் அவள் போகவில்லை. முதல் தடவை கொழுந்தன் தனபாலனுக்குக் குளிர்காய்ச்சல். அம்மாவைப்போல அவளைக் கட்டிக்கொண்டு கிடந்த பையனை விட்டுவிட்டு எப்படிப் போவது? இரண்டாவது தடவை மாமியாருக்கு இராமேசுவரம் போக ஆசை வந்தது. மருமகளின் படுக்கையில் மாமியார் படுத்துப் போய்வந்தார். மூன்றாவது தடவை தனபாலனின் மனைவி அம்சவள்ளிக்குப் பிரசவம். ஒவ்வொரு முறையும் "எனக்கென்ன, அடுத்த கப்பல்ல போயிக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னவள் அமராவதிதான். சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போய் அழுதது செவலைக்கும் அதற்கு முந்தைய மாடுகளுக்கும் மட்டும் தெரியும்.

காலைப் பசியாறும் நேரத்தில் அம்சவள்ளி ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! மாமாவ கப்பல் டிக்கெட் விக்கிற தௌக்கே கடையில பாத்தாங்களாம், எதிர்வீட்டு பியாட்ரிஸ் சொன்னாங்க! மெட்ராஸ்ல எங்க சித்தி மக கல்யாணம்னு போன மாசம் மாமாகிட்ட சொன்னேன்ல... மறக்கவே இல்ல பாருங்க!"

அமராவதி தோசைக்கரண்டியோடு திரும்பிக் கணவரைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தாள். உமாபதி கோப்பிக் குவளையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

"அது... நந்தி பேசிக்கலாம்" என்று மட்டும் முனகிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்சவள்ளி கெட்ட பெண் அல்ல. கேட்டால் கிடைக்கும் என்று பழகிப்போன பெண். அப்படிப் பழக்கியவளே அமராவதிதான்; இதில் யாரை நோவது?

அமராவதி தினமும் பால் ஊற்றும் கோப்பிக்கடை ஆற்றோரத்தில் இருந்தது. அதை ஒட்டினாற்போல் தௌக்கே கடை; நடுவில் பலகைச் சுவர்தான். அவள் பாலை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் கணவரின் குரல் கேட்டது. சத்தமாக, ஏறக்குறையக் கெஞ்சும் குரலில்...

"நந்தி, தௌக்கே! நந்தி சாமா பினி! நந்தி!"

பினி என்றால் பெண்டாட்டி. அந்த ஒரு சொல் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பால் கொஞ்சம் மேசையில் சிந்தியது. 'பெண்டாட்டியா? அவளுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்!' ஊரான் ஒருவனிடம், சுவர் அதிர, மூன்று தடவை! வீட்டுக்குள் சொன்னது போதாதா? கடைவீதியிலும் அவள் அப்புறம்தானா?

வீட்டுக்கு வந்தாள். இரண்டு சேலையையும் தங்கையின் பழைய படத்தையும் பையில் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. செவலையின் நெற்றியை மட்டும் ஒருமுறை தடவிவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

கிள்ளான் பஸ் வந்தது, போனது. கோலாலம்பூர் பஸ் வந்தது. "அம்மா, ஏறலியா?" என்று கண்டக்டர் கேட்டான். எங்கே போவதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. கிள்ளானில் யார் இருக்கிறார்கள்? கலும்பாங் தோட்டத்தில், கல்யாணமாகி வந்து குடியிருந்த லயத்தில் இப்போது யார் யாரோ. ரவாங்கில் இருப்பவர்கள் தனபாலனின் சிநேகிதர்கள். முப்பது வருடம் இந்த நாட்டில் எத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்கிறாள்! கோபித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்ட ஒரு வீடு இல்லை. பெற்ற பிள்ளையும் தங்கவில்லை. அக்கரையில் ஒருத்தி அவளைப் பார்க்கக் கண்ணை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். அவளிடம் போகத்தான் வழியில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு அமராவதி அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் நாசூக்காக வேறுபக்கம் பார்த்தார்கள்.

"அமராவதி... அடியே அமராவதி!"

சைக்கிளை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு உமாபதி ஓடிவந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை.

"எங்க போயிட்ட? வீட்ல பாத்தேன், கொட்டாயில பாத்தேன், பாசார்ல பாத்தேன்! தௌக்கே ஒனக்காகக் கடைய சாத்தாம ஒக்காந்திருக்கான்! எந்திரி, வா!"

"எனக்காகவா? எதுக்குங்க?" அவள் பையை இறுக்கிக்கொண்டாள். "அதான் சொல்லிட்டீங்களே... என் ரெண்டு காதாலயும் கேட்டேனே! நந்தி சாமா பினி... பொண்டாட்டிக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு! இத்தன வருசம் வீட்ல சொன்னது பத்தலன்னு கடையிலயும் போயி சொல்லணுமா?"

உமாபதி தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி...! பொண்டாட்டிக்காகக் காத்திருன்னு சொன்னேன்டி! நந்தின்னா அப்புறம்னு மட்டுமா அர்த்தம்? காத்திருன்னும் அர்த்தம்லா! நீ நேர்ல வந்து கையெழுத்து போட்டாத்தான் ஆச்சு, இல்லன்னா எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னான். எம் பொண்டாட்டி வந்துடுவா, காத்திரு, காத்திருன்னு கெஞ்சிக்கிட்டிருந்தேன்!"

"எந்த எடம்...?"

"ஒன் எடம். ஆடி மாசமே பதிஞ்சாச்சு. கீழ்ப்படுக்க, வட்டக் கண்ணாடிக்குப் பக்கத்துல. ஒன் பாஸ்போர்ட்டும் அவன்கிட்டதான் இருக்கு."

"ஆடியிலயா!" அவள் எழுந்தேவிட்டாள். "அப்ப ஏங்க எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீ போவியா?" உமாபதியின் கண் கலங்கியது. "மூணு தடவ முன்னாடியே பதிஞ்சு முன்னாடியே சொன்னேன். மூணு தடவையும் யாராவது மூக்கச் சிந்துனதும் எடுத்துக் குடுத்துட்ட. பதியறது சீக்கிரம் பதியணும், ஒங்கிட்ட சொல்றது மட்டும் கடைசி நேரத்துல சொல்லணும்... தூக்கிக் குடுக்கறதுக்கு ஒனக்கு நேரமே இருக்கக்கூடாதுன்னு நெனச்சேன்."

"அப்ப... செவலை?"

"நீ அங்க போயிட்டா இங்க யாரு கறக்கறது? மடி கட்டிக்கிட்டுச் செத்துப்போகுமே. அதான் என் கைய பழக்குனேன்."

அமராவதி அவர் மார்பில் குத்தினாள். பஸ் நிலையம் பார்க்கிறது என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. "என் கை வேணாம்னு ஆயிடுச்சோன்னு செத்துச் செத்துப் பொழச்சேனே! ஏன் மனுசா... ஏன் இப்படிப் பண்ணுனீங்க!"

"தப்புதான் புள்ள... நல்லது செய்யறேன்னு ஒன்ன அழவெச்சுட்டேன்..." அவரும் அழுதார்.

தௌக்கே கடை வாசலில் அம்சவள்ளி புதுச்சேலை கட்டிக்கொண்டு நின்றிருந்தாள், தனபாலனோடு. விஷயத்தை உமாபதி சொன்னதும் அவள் முகம் சுண்டிப்போனது.

"அப்ப... எனக்கு இல்லியா மாமா? சித்திக்கு வரேன்னு சொல்லிட்டேனே..."

கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. எல்லோரும் அமராவதியைப் பார்த்தார்கள். அவள் நாக்கு நுனிக்கு அந்தப் பழைய வாசகம் வந்து நின்றது. அதைச் சொல்லிச் சொல்லியே பழகிய நாக்கு! உமாபதி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அதைக் கேட்கத் தெம்பில்லை.

"அம்சா..." என்றாள் அமராவதி. தங்கையின் கண்களை நினைத்தாள். "இந்தத் தடவ நான் போறேன்மா. நான் வர்ற வரைக்கும் வீட்ட நீ பாத்துக்க."

பிறகு தனபாலன், வளர்ந்து ஆளாகி ஜில்லா ஆபீசில் கிராணி உத்தியோகம் பார்க்கிற ஆண்பிள்ளை, நடுத்தெருவில் அவள் காலைத் தொட்டான்.

"அண்ணி... எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நீங்க போயிருந்தா, இன்னிக்கி நான் இருந்திருக்க மாட்டேன் அண்ணி. ஒரு நாளாவது நாங்க இத நெனச்சோமா...!"

அம்சவள்ளி விம்மிக்கொண்டே அவளைக் கட்டிக்கொண்டாள். "நீங்க வேணாம்னு சொல்லிச் சொல்லி, ஒங்களுக்கு எதுவும் வேணாம்னே நெனச்சுட்டேன்கா... மன்னிச்சிருங்க!"

அமராவதி கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினாள். தௌக்கே அப்பாடா என்று கடையைச் சாத்தினான்.

வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் தூறிக்கொண்டிருந்தது. மாட்டை விட்டு வரமுடியாது என்பதால் உமாபதி அவளோடு கப்பலேறவில்லை, வழியனுப்பத்தான் வந்திருந்தார்; சாயங்காலக் கறவைக்கு அவர் திரும்பியாக வேண்டும். வட்டக் கண்ணாடி ஜன்னலைப் பார்த்துவிட்டு அமராவதி மேல்தட்டுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றிலும் முகம் தெரியாத ஜனம். முப்பது வருடத்தில் அவளிடம் சாப்பாடு கேட்காத கூட்டம் இதுதான் முதல். அதுவும் ஒரு தனிமையாகத்தான் இருந்தது. இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

கயிற்றை அவிழ்த்தார்கள். கீழே குடையில்லாமல் நனைந்துகொண்டு நின்ற உமாபதி எதையோ கத்தினார். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது.

அமராவதி கம்பிக்கு மேல் எக்கினாள். வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக அவள் பேசியதில்லை.

"நந்திங்க...! நந்தி...!"

அவருக்குக் கேட்டுவிட்டது. இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் நின்றவர்கள் மழைக்கு ஒவ்வொருவராய் ஒதுங்கிப் போனார்கள். கரை கண்ணுக்கு மறையும் வரை, அவர் மட்டும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.