சாமைக் களத்தில் ஒரு கோல்ஃப் மட்டை!

"ஐயய்யோ...! என் வூட்டுக்காரரைக் கொன்னுட்டானுங்களே...!"

இருசம்மாளின் அலறலைக் கேட்டு ஊரே ஓடி வந்தது.

வெள்ளிமலைக்கு மேலே இருக்கும் அந்தச் சிற்றூரின் தலைவர் வேடியப்பன், சாமைக் களத்தின் உள்மூலையில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். கதிர்ப் போருக்குக் காவல் படுத்தவர். தலை பிளந்திருந்தது.

கட்டிலுக்கு அடியில்... பளபளவென்று ஒரு கோல்ஃப் மட்டை!

அந்த மலையில் கோல்ஃப் மட்டை வைத்திருக்கும் ஒரே ஆள் சுபாஷ். கம்பெனிக்காரன். சென்னையிலிருந்து வந்து தகர ஷெட் போட்டு உட்கார்ந்திருப்பவன். ஊர் நிலத்தை மொத்தமாக வாங்கி, பதினெட்டுக் குழி கோல்ஃப் மைதானம் போடுவது அவன் கம்பெனியின் திட்டம். சாமை விளைகிற இடத்தில் புல் வளர்ப்பார்களாம். அந்தப் புல்லை ஒரு மாடு கூட மேயக் கூடாதாம்!

அரசு ஒப்புதலுக்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். அதுவும் இன்றைக்குத்தான்... கீழே வெள்ளிமலை ஊரில்... பதினோரு மணிக்கு!

ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் தேவதர்ஷினி இறங்கினாள். பிணம் பார்த்தால் அவளுக்கு இப்போதெல்லாம் ஒன்றும் தோன்றுவதில்லை. பசி மட்டும் எடுக்கும்.

"கேஸ் முடிஞ்சு போச்சு மேடம்," என்றார் ஏட்டு ராமசாமி உற்சாகமாக. "பாருங்க, முள்ளு முள்ளா பூட்ஸ் தடம். கோல்ஃப் ஆடறவனுங்க போடற பூட்ஸு. ஷெட்டுலேர்ந்து நேரா களம் வரைக்கும் வந்துக்கினு இருக்குது. பூட்ஸையும் களத்தோரப் புதர்லயே வீசிட்டுப் போயிருக்கான்!"

"தடத்தை யாரும் மிதிக்கலையே?"

"இருசம்மாதான் ஒருத்தரையும் கிட்ட வுடல மேடம். போலீஸ் வந்துதான் பார்க்கணும்னு கையை நீட்டி மறிச்சுக்கினு நின்னுது. பாவம், அந்த நெலமையிலயும்!"

தேவதர்ஷினியின் செல் அலறியது. கூட்டத்தை நடத்தும் அதிகாரி.

"இன்ஸ்பெக்டர், கம்பெனி ஆள்தான் கொலைகாரன்னா இந்தக் கூட்டத்தை நடத்த முடியாது. திட்டமே அவ்வளவுதான். சீக்கிரம் ஒரு பதில் சொல்லுங்க."

"சொல்றேன் சார்."

வைத்தாள். எதிரே இருசம்மாள் நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"அம்மா... கூட்டம் நின்னுடுங்களா?"

"இன்னும் தெரியாதும்மா."

"நிக்கணுங்க. நின்னாத்தான் என் சாமைக் காடு தப்பும்."

புருஷன் பிணமாகக் கிடக்கிறான். இவளுக்குக் கூட்டத்தைப் பற்றிக் கவலை! அதிர்ச்சியில் மரத்துப் போயிருக்கிறாள் என்று தேவதர்ஷினி நினைத்துக் கொண்டாள்.

பிணத்தருகே போகக் களத்தில் கால் வைக்கப் போனாள்.

"மேடம்... மேடம்! ஷூ!" ராமசாமி பதறினார்.

"ஷூவுக்கு என்ன?"

"களத்துல செருப்புக் காலோட ஏறக் கூடாது மேடம். தானியம் சாமி மாதிரி. போன மாசம் அந்த சுபாஷ் பூட்ஸோட ஏறிட்டான்னு ஊரே அடிக்கப் போயிடுச்சு."

தேவதர்ஷினி குனிந்து ஷூவைக் கழற்றினாள். ஓரமாக வைத்தாள்.

அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் ஷூவை வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே... அந்த முள் பூட்ஸின் கடைசித் தடம்! இரண்டு காலும் சேர்ந்து, அழுத்தமாக. அதைத் தாண்டி ஒரு முள் தடம் கூட இல்லை.

நேற்றுச் சாயங்காலம் சாணி மெழுகிய களம். பனியில் சரியாகக் காயவில்லை. அதில் இரண்டே இரண்டு பேரின் தடங்கள். ஒன்று வேடியப்பனின் அகலப் பாதம். இன்னொன்று சின்னப் பாதம்... வெறுங்கால்!

"ராமசாமி... மண்டையைப் பிளக்க வந்தவன் பூட்ஸைக் கழட்டி வச்சுட்டு வந்திருக்கான்யா!"

"அவ்ளோ மரியாதையா மேடம்?"

"மரியாதை வேடியப்பனுக்கு இல்லை. களத்துக்கு. சுபாஷைக் கூட்டிட்டு வா!"

சுபாஷ் வந்தான். கையெடுத்துக் கும்பிட்டான்.

"மேடம், சத்தியமா நான் இல்ல! வேடியப்பன் எங்க பக்கம் வந்துட்டாரு மேடம்! இன்னைக்குக் கூட்டத்துல எழுந்து 'சம்மதம்'னு சொல்றதா இருந்தாரு. அவர் தலையாட்டினா ஊரே தலையாட்டும். அவரைப் போய் நான் கொல்லுவேனா?"

"உன் பூட்ஸ் எங்கே இருந்தது?"

"ஷெட் வாசல்ல. மட்டையும் அங்கதான். நேத்து நைட்டு பார்த்தேன், ரெண்டையும் காணோம்."

"ஷெட்டுக்கு யார் யார் வருவாங்க?"

"சமைக்கிற அம்மா மட்டும்தான் மேடம்."

"யாரு?"

"இருசம்மா."

ராமசாமியின் வாய் பிளந்தது.

தேவதர்ஷினி நிதானமாக நடந்து போய் இருசம்மாள் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா... களத்துல ஏறும்போது பூட்ஸை ஏன் கழட்டினே?"

அதுவரை கல்லாக இருந்த முகம் முதல் தடவையாக மாறியது. திடுக்கிட்டுப் போனாள்.

"இன்னாங்க இப்பிடிக் கேக்கறீங்க! களத்துல எப்பிடிங்க பூட்ஸோட ஏறுவாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் புரிந்தது. தலையைக் குனிந்து கொண்டாள்.

"கல்லு பொறுக்கிப் பொறுக்கி நான் உண்டாக்குன காடுங்க அது. என் ஆயுசே அதுலதான் போச்சு. 'சரின்னு சொல்லப் போறேன், உனக்கு இன்னா தெரியும்'னாரு. எவ்ளோ கெஞ்சினேன்... திரும்பிப் படுத்துக்கினாரு."

"அடிக்கறப்போ கை நடுங்கலையா?"

"இல்லீங்க. அழுவையும் வரல. எதுவும் வரல."

தேவதர்ஷினிக்கும் எதுவும் வரவில்லை. செல்லை எடுத்தாள்.

"சார், கம்பெனிக்கும் கொலைக்கும் சம்பந்தம் இல்லை. இது வீட்டுக்குள்ள நடந்த சண்டை. நீங்க கூட்டத்தை நடத்துங்க."

"அம்மா! அம்மா!" இருசம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "ஊரு வுட்டுக் குடுக்காதுங்க. அவரு இல்லன்னா எல்லாரும் மாட்டேன்னுதான் சொல்லுவாங்க. என்னை எங்க வேணா கூட்டிக்கினு போங்க. காடு தப்பிச்சுக்கும்!"

பிணம் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனது. இருசம்மாள் ஜீப்பில் ஏறினாள்.

மத்தியானம். மலைப்பாதை வளைவில் ஜீப் இறங்கிக் கொண்டிருந்தபோது ராமசாமிக்கு போன் வந்தது. கேட்டார். வைத்தார்.

"கூட்டம் முடிஞ்சுடுச்சாம் மேடம்."

"அதுக்குள்ளவா?"

"எதிர்த்துப் பேச ஒருத்தர் கூட வரலையாம். நாற்காலியெல்லாம் காலியாம். 'ஆட்சேபணை எதுவும் இல்லை'ன்னு பதிவு பண்ணிக்கினு கெளம்பிட்டாங்க. இனிமே ஒப்புதல் கையெழுத்துதான் பாக்கி."

பின் சீட்டில் இருசம்மாள் துள்ளி எழுந்தாள். "பொய்யி! எங்க ஊரு ஏன் போவல? எல்லாரும் வர்றேன்னு சொன்னாங்களே!"

ராமசாமி திரும்பிப் பார்த்தார்.

"எப்பிடிம்மா போவாங்க? தலைவரு செத்தா, பொணம் எடுக்கற வரைக்கும் ஒருத்தரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதுன்றது உங்க கட்டுப்பாடாச்சே! ஆஸ்பத்திரிலேர்ந்து பொணம் எப்ப வரும்னு ஊரே உங்க வூட்டு வாசல்ல உக்காந்துக்கினு இருக்குது."

இருசம்மாள் மெல்ல உட்கார்ந்தாள். கூட்டத்தையே நினைத்துக் கொண்டிருந்தவளுக்கு அந்தக் கட்டுப்பாடு ஞாபகமே வரவில்லை. ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.



"மேடம்," என்றார் ராமசாமி தயங்கி. "கம்பெனி சார்பா வேடியப்பனுக்குப் பெரிய ரோஜா மாலை வாங்கிக்கினு வர்றானாம் அந்த சுபாஷ்."

தேவதர்ஷினி கண்ணை மூடிச் சீட்டில் சாய்ந்தாள்.

"ஸ்டேஷனுக்கு எடுத்துட்டு வரச் சொல்லுய்யா. ஒப்புதல் வாங்கிக் கொடுத்தவங்க இங்கதானே உட்கார்ந்திருக்காங்க!"