மூன்றாவது நிமிடத்தில் மெல்லும் சத்தம்

பாட்டின் மூன்றாவது நிமிடத்தில், கிதார்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற இடத்துக்கு அடியில், யாரோ எதையோ மென்றுகொண்டிருந்தார்கள்.

அவள் பாட்டை நிறுத்தினாள். பத்து நொடி பின்னால் போய்த் திரும்பக் கேட்டாள். டிரம் இடித்தது, பாடகன் தொண்டை கிழியக் கத்தினான், அந்த இரைச்சலுக்கெல்லாம் கீழே, அவசரமே இல்லாமல், ஈரமாக, சப்... சப்... என்று அது இருந்தது.

சத்தம் தாங்காதவர்களுக்காகப் பாட்டுக் கேட்பதுதான் அவள் வேலை. எந்த நொடியில் டிரம் திடுக்கென்று விழும், எங்கே பாடகன் மூச்சிழுப்பது காதோரம் உரசும், எங்கே ஒரு கிறீச் பல்லைக் கூசவைக்கும் என்று நேரம் போட்டுக் குறிப்பு எழுதித் தருவாள். ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்குப் பாம்புச்செவி என்று பேர். கேலிக்கு வைத்த பேர்தான். ஆனாலும் அவள் தலையாட்டாமல் ஒரு பாட்டும் அந்த வாசலைத் தாண்டாது.

அந்தப் பாம்புச்செவிக்கே ஆகாத சத்தம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். கல்யாணமான புதிதில் கணவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல் தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவாள். “பெரிய மகாராணி” என்று நாத்தனார் முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வாள். பாவம், அவன் வாயை மூடித்தான் மெல்லுவான். மூடிய வாய்க்குள் கவளம் எச்சிலில் புரண்டு குழைவது அவளுக்குக் கேட்டுத் தொலைத்தது.

ஒன்பது வயது மகளுக்கு அது இன்னும் மோசம். ஆலைகளில் தொழிலாளிகள் மாட்டுவார்களே, வயர் எதுவும் இல்லாத கனத்த காதுறை, அதைக் கழற்றாமல்தான் தூங்குவாள், எழுந்திருப்பாள். வகுப்பில் நாற்பது பென்சில்கள் உரசுவதைத் தாங்க முடியாமல் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று மூன்று மாதமாக வீட்டில் கிடக்கிறாள். விந்தை என்னவென்றால், ராக் பாட்டு மட்டும் பிடிக்கும். “பெரிய சத்தம் வந்தா சின்னச் சத்தமெல்லாம் அடங்கிடும்மா” என்பாள். இந்தப் பாட்டு கையில் இருந்தால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போவதாகச் சத்தியம் பண்ணியிருக்கிறாள். அம்மா கேட்டுச் சரி என்று சொன்னால் மட்டும்.

அதனால் எப்படியாவது அந்தச் சத்தத்தை அறுத்தெறிய வேண்டும். வீட்டிலிருந்தே அவள் ஒலிப்பதிவாளனுக்கு போன் செய்தாள்.

“கிதார், டிரம், குரல்னு பதினாறு டிராக்கையும் தனித்தனியா கேட்டுட்டேன். எதுலயும் இல்ல. எல்லாத்தையும் சேர்த்தா மட்டும் வருது.”

“இங்க ஒண்ணும் கேக்கலையேக்கா. மத்தியானம் சாப்பிட்டீங்களா? பசியில காது அடைச்சிருக்கும்.”

“சாப்பாட்டப் பத்தி இப்ப பேசாத. குமட்டுது.”

“அப்ப வழக்கம்போலச் செய்ங்க. ஏத்திப் பிடிங்க, பிடிபட்டதும் இறக்கி அறுத்துடுங்க. அவசரப்படாம ஏத்துங்க.”

ஒளிந்திருக்கும் சத்தத்தைப் பிடிக்க அவர்கள் செய்கிற வேலை அது. எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் முதலில் அதைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். அடையாளம் தெரிந்ததும் அங்கேயே வெட்டிவிடலாம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றவேண்டும் என்பது புதிதாக வந்தவனுக்கும் தெரியும். ஆனால் அருவருப்பு அவள் கையைப் பிடித்துத் தள்ளியது. ஒரே தள்ளாகக் கடைசிவரை ஏற்றிவிட்டாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

வாய் அவள் காதுக்குள்ளேயே வந்துவிட்டது. மேலண்ணத்தில் ஒட்டியிருந்த நாக்கு பிரிவது கேட்டது. பல் ஏதோ ஒன்றின் மேல் அமர்ந்து, வழுக்கி, மறுபடி அமர்ந்து, குருத்தெலும்பு கடிபடுகிற மாதிரி நறுக்கென்று இறங்கியது. எச்சில் ஊறி நுரைத்து வழிந்தது. பழைய இறைச்சியின் வாடைகூட வந்ததாக அவளுக்குத் தோன்றியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இறக்கினாள். பாட்டு இறங்கியது. அது இறங்கவில்லை.

பதினாறு டிராக்கையும் அடைத்தாள். பாட்டு நின்றது. சப்... சப்...

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் எறிந்தாள். கணினியின் வயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது. கணினிக்குள் சுழன்ற விசிறி நின்றது. ஜன்னலில் பிற்பகல் வெயில் சும்மா கிடந்தது.

சப்...

சுவருக்கு அந்தப் பக்கம். மகளின் அறை.

“பாப்பா!”

ஓடினாள். கதவு திறந்துதான் இருந்தது. மகள் கட்டிலில் ஜன்னலைப் பார்த்தபடி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் காதுறை. தோள்கள் தளர்ந்திருந்தன. இத்தனை நிம்மதியாக அந்தத் தோள்களை அவள் பார்த்து வருஷக்கணக்காகிறது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“என்னடி தின்னுட்டு இருக்க? வாயத் திற.”

தோளைத் தொட்டாள். மகள் திரும்பிச் சிரித்தாள். அம்மாவின் உதட்டைப் பார்த்து, சொன்னபடி வாயை அகலத் திறந்து காட்டினாள்.

ஒன்றும் இல்லை. சின்னப் பற்கள். சுத்தமான நாக்கு. அசையவில்லை.

சப்... சப்...

“அம்மா, இந்தப் பக்கம் நல்லா அடங்கிடுச்சும்மா. எதுவுமே கேக்கல.”

இடது பக்கக் காதுறையை மகள் தூக்கிக் காட்டினாள். அதிலிருந்து கன்னம்வரை எச்சில் நூலாக நீண்டு அறுந்தது. காது இல்லை. ரத்தம் இல்லை. காயம் இல்லை. வழித்து நக்கிய தட்டு மாதிரி அந்த இடம் மழமழவென்று ஈரமாக இருந்தது. காதுறையின் பஞ்சு வளையம் மெதுவாகக் குவிந்தது. விரிந்தது. விழுங்கியது.

அவள் கத்தினாள். பிடுங்கக் கையை நீட்டினாள். கை எட்டவில்லை.

“இந்தப் பக்கந்தாம்மா இன்னும் கொஞ்சம் கேக்குது” என்று சொல்லிப் பின்னால் நகர்ந்த மகள், காதுறையைத் திருப்பிப் போட்டு, ஈரமான பக்கத்தை வலது காதில் வைத்து, இரண்டு கைகளாலும் இறுக்கி அழுத்திக்கொண்டாள்.