மழையில் மட்டும் தெரியும் கோடு

வக்கீலம்மாவும் மூக்குக்கண்ணாடிக்கடைக்காரரும் அந்த வளைவுக்கு வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. மேகத்தின் அடியில் கொஞ்சம் வெயில் தலைகாட்டி, ஈரச் சாலையின் மேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் உயரமான மரங்கள். மறு பக்கம் கம்பிவேலி. வேலிக்கு அப்பால் யாரும் கல் உடைக்காத பழைய குவாரி, கழுத்துவரை தண்ணீரோடு.

கண்ணாடிக்கடைக்காரர் காரை ஓரங்கட்டினார். இறங்கவில்லை. வேலியில் புதிதாகக் கட்டியிருந்த கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். போன மழைக்காலத்தில் அந்த இடத்தில்தான் அவருடைய மனைவி வந்த கார் வேலியை அறுத்துக்கொண்டு குவாரிக்குள் பாய்ந்தது. ஓட்டியவன் மனைவியின் தம்பி. அவனை அப்போதே வெளியே இழுத்துப் போட்டுவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அக்காவை மறுநாள்தான் எடுக்க முடிந்தது.

சாலைத்துறை மீது அவன் போட்ட நஷ்டஈட்டு வழக்கைத்தான் வக்கீலம்மா நடத்துகிறாள். சாலையில் கோடு சரியில்லை, கோடு போன வழியில்தான் போனேன் என்கிறான் அவன். ஓட்டுநர் தூங்கிவிட்டார் என்கிறது துறை. முந்தின ராத்திரி அவன் கண் விழித்திருந்தான் என்று சொல்வதற்குக் கண்ணாடிக்கடைக்காரரையே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவருக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. விபத்துக்குப் பிறகு ஒருநாள்கூட அவர் மச்சானைப் போய்ப் பார்க்கவில்லை.

"சாட்சி சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை இடத்தைப் பாருங்க சார், அது போதும்" என்று வக்கீலம்மா கெஞ்சித்தான் கூட்டி வந்திருந்தாள்.

"பாத்துட்டேன் மேடம். கோடு ஒழுங்கா வலது பக்கம் வளைஞ்சு போகுது. கொஞ்சம் மங்கிப்போயிருக்கு, அவ்வளவுதான். என் கடைக்கு வர்ற ஆளுங்க இதைவிடச் சின்ன எழுத்தையெல்லாம் படிக்கிறாங்க."

அவள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். குவாரி விரிவானபோது சாலையை வலது பக்கம் ஒதுக்கிப் போட்டவர்கள், நேராகப் போன பழைய கோட்டின் மேல் கறுப்புச் சாயம் அடித்து மறைத்திருந்தார்கள். குனிந்து உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. படம் எடுத்தால் ஒன்றும் விழவில்லை. சோர்ந்துபோய் வண்டிக்குத் திரும்பி உட்கார்ந்தவள், கதவைச் சாத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"சார்... உக்காந்த இடத்திலிருந்தே பாருங்க. முன்னாடி."

கண்ணாடிக்கடைக்காரர் பார்த்தார். அவர் முகத்திலிருந்து அந்தக் கேலி இறங்கிப்போனது.

இன்னும் தாழ்ந்துவிட்ட வெயில் ஈரத்தின் மேல் பட்டு, மறைத்த கோடு வெள்ளையாக ஜொலித்தது. வலது பக்கம் வளைந்த நிஜக் கோடு இருந்த இடமே தெரியவில்லை. சாலை நேராகப் போவதுபோல் இருந்தது. வேலியைத் தாண்டியும் போவதுபோல் இருந்தது.

"சாயம் பளபளன்னு இருக்கு. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்குது" என்றார் மெதுவாக. "எனக்கே தெரியாமப் போச்சே."

"அப்படியே கொஞ்ச தூரம் மெதுவா ஓட்டுங்க. ஓட்டுறவங்க கண்ணுக்கு எப்படித் தெரியுதுன்னு வீடியோ எடுத்துக்கறேன். வேலிகிட்ட நிறுத்திடுங்க."

கார் ஊர்ந்தது. அவள் போனை உயர்த்திப் பிடித்தாள். கோடு காருக்கு அடியில் நழுவி நழுவிப் போனது.

வேலி வரவில்லை.

"சார், நிறுத்துங்க."

அவர் ஏற்கனவே பிரேக்கை அழுத்தியிருந்தார். கார் நின்றது. முன்னால் கோடு. இரண்டு பக்கமும் மரங்கள். குவாரியும் இல்லை, வேலியும் இல்லை. வெயில் அதே சாய்வில், ஆணி அடித்தாற்போல் நின்றது.

"வளைவைத் தாண்டி வந்துட்டோமோ?"

"நாம எங்கே மேடம் வளைஞ்சோம்?"

அவர் வண்டியைத் திருப்பினார். வந்த வழியே ஓட்டினார். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. வளைவு வரவேயில்லை. முன்னால் அதே கோடு. மறுபடி திருப்பினார். மறுபடியும் கோடு. எந்தப் பக்கம் மூக்கை வைத்தாலும் அது அவர்களுக்கு முன்னால் நீண்டு கிடந்தது, இவர்களுக்காகவே விரித்து வைத்ததுபோல.

கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். காய்ச்சிய சாயத்தின் நெடி குப்பென்று உள்ளே வந்தது. அதற்கு அடியில் வேறொரு வாடை. நாள்பட்ட தண்ணீர், பாசி.

போனில் சிக்னல் இல்லை. மரங்களில் ஒரு பறவை இல்லை.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது.

டிக். டிக். டிக்.

"உங்க இண்டிகேட்டரா?"

"இல்ல. நான் போடல."

சாலையோரமாக ஒரு கார் நின்றிருந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. அதற்கும் முன்னால் ஒரு வேன், ஒரு பைக். வலது பக்கம் திரும்புவதற்கான விளக்கு எல்லாவற்றிலும் எரிந்து அணைந்துகொண்டிருந்தது. வளைவு வந்தால் திரும்பிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள்போல. கண்ணாடிகளில் உட்புறமாகப் பாசி படர்ந்திருந்தது. அதற்குப் பின்னால் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் இவர்களைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் கோட்டின் மேல் இருந்தது.

"பாக்காதீங்க சார். ஓட்டுங்க."

அவர் ஓட்டவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டே, தூக்கத்தில் பேசுபவர்போலச் சொன்னார்: "நீலப் புடவை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

கோட்டின் நடுவில் ஒரு பெண் நின்றிருந்தாள். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டிய நீர் தரையில் பரவவில்லை. கோட்டின் மேலேயே ஓடியது.

அவர் கை கதவுக்குப் போனது. வக்கீலம்மா மணிக்கட்டைப் பாய்ந்து பிடித்தாள்.

"விடுங்க மேடம். என் பொண்டாட்டி. தனியா நிக்கிறா."

"சார், இறங்காதீங்க!"

"நனைஞ்சு நிக்க விடமாட்டேன் அவளை. ஒருநாளும் விட்டதில்ல."

அவர் பலம் கொண்டமட்டும் கையை உதறினார். அவள் விடவில்லை. அப்போது அந்தப் பெண் வலது கையை உயர்த்தினாள். உள்ளங்கையை இவர்கள் பக்கம் காட்டி, காற்றைத் தள்ளுவதுபோல் தள்ளினாள். ஒரு தரம். இன்னொரு தரம். அவள் வாய் அசைந்தது தொலைவில். குரல் கேட்டது காருக்குள், அவர் காதோரம்.

"அவன் தூங்கலைங்க."

கண்ணாடிக்கடைக்காரர் உடைந்துபோய் அழுதார்.

வக்கீலம்மாவுக்கு அந்தக் கையின் அர்த்தம் புரிந்தது. "சார், பின்னாடி போகச் சொல்றாங்க. திருப்பாதீங்க. திருப்பினா கோடு மறுபடி முன்னாடி வந்துடும். ரிவர்ஸ் போடுங்க."

"அவளை விட்டுட்டா?"

"உங்க மச்சான் அங்கே கிடக்கான். நீங்களும் இங்கேயே உக்காந்துட்டா அவன் சொல்றதை யார் நம்புவா? யார் சார் இருக்கா அவனுக்கு?"

வரிசையில் நின்ற முதல் காருக்குள் ஒரு தலை திரும்பியது.

பிறகு அடுத்த காருக்குள்.

ஒரு கதவு திறக்கிற சத்தம்.

அவர் கியரை மாற்றினார். உடம்பைத் திருப்பி, பின் கண்ணாடி வழியாகப் பார்த்து அழுத்தினார். கார் அலறிக்கொண்டு பின்னால் பாய்ந்தது. வக்கீலம்மா கண்ணை மூடிக்கொள்ளத்தான் நினைத்தாள். மூட முடியவில்லை. அந்தப் பெண் காரோடு வந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை, நடக்கவும் இல்லை. இரண்டு உள்ளங்கையும் பானெட்டின் மேல். தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் மற்றவர்கள் கோட்டின் மேல் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களும் கையை நீட்டியிருந்தார்கள். அவை தள்ளுகிற கைகள் இல்லை.

காதைக் கிழிக்கும் ஹாரன். ஒரு லாரி உரசினாற்போலக் கடந்தது. ஓட்டியவர் தலையை நீட்டி வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு போனார். உலகத்தில் அவ்வளவு இனிமையான வசவை வக்கீலம்மா கேட்டதேயில்லை.

கார் வளைவில் நின்றிருந்தது. வேலியில் புதிதாகக் கட்டிய கம்பி அறுந்து தொங்கியது. அதற்கு அப்பால் மண்ணில் இரண்டு டயர்த் தடங்கள் குவாரியின் விளிம்புவரை போய், விளிம்பில் முன்சக்கரம் இறங்கிய பள்ளத்தோடு, திரும்பி வந்திருந்தன.

வண்டியைக் கிளப்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: "ஆஸ்பத்திரியில இப்போ உள்ளே விடுவாங்களா மேடம்?"

வார்டில் மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். காலடிச் சத்தத்துக்குத் திரும்பியவன், வந்தவரைப் பார்த்ததும் பயந்துபோய் எழப் பார்த்தான்.

"மாமா, சத்தியமா நான் தூங்கல மாமா..."

"தெரியும்டா." அவர் படுக்கையில் உட்கார்ந்து அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "தெரியும். அக்கா சொன்னா."

அவன் ஏன் எப்படி என்று கேட்கவில்லை. சின்னப் பிள்ளைபோல விசும்பினான். வக்கீலம்மா வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

போனில் வேலிவரைக்கும் வீடியோ நன்றாகவே பதிந்திருந்தது. அதற்குப் பிறகு சாம்பல் நிறம் மட்டும். நீதிமன்றத்தில் அந்த ஜொலிக்கும் கோட்டைப் பார்த்ததும் துறையின் வக்கீல் எழுந்து அவகாசம் கேட்டார். கண்ணாடிக்கடைக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறி, வெளிச்சம் எப்படிக் கண்ணை ஏமாற்றும் என்று நிதானமாக விளக்கினார். தன் மச்சான்மேல் தவறில்லை என்றார். தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. பழைய கோட்டைச் சாயம் பூசி மறைக்காமல் முழுக்கச் சுரண்டி எடுக்கவேண்டும் என்றும் நீதிபதி உத்தரவிட்டார்.

சுரண்டும் வேலை நடந்த அன்று மழை பெய்தது. வக்கீலம்மா அலுவலகத்தில் இருந்தாள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"மேடம், நான் ரோடு வேலை மேஸ்திரி பேசறேன். இங்கே சிக்னலே இல்ல, எஞ்சினியருக்குப் போகல, ஆர்டர்ல இருந்த உங்க நம்பருக்கு மட்டும்தான் போகுது. இந்தக் கோடு எதுவரைக்கும் மேடம்? காலையிலிருந்து சுரண்டிக்கிட்டே வர்றோம். முடியவே மாட்டேங்குது."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "நீங்க இப்போ எங்கே நிக்கிறீங்க? வேலி தெரியுதா?"

"வேலியா? அப்படி ஒண்ணும் காணோமே. ரெண்டு பக்கமும் மரந்தான்."

"அண்ணே, நான் சொல்றதைக் கேளுங்க. திரும்பாதீங்க. கோட்டைப் பாக்காம அப்படியே பின்னாடி..."

"மேடம், கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. இங்கே என்னமோ டிக் டிக்னு கேட்டுக்கிட்டே இருக்கு." யாரையோ பார்த்ததுபோல் அவர் குரல் தணிந்தது. "முன்னாடி ஒரு அம்மா நிக்குறாங்க. நனைஞ்சுபோய். கையைக் கையை ஆட்டுறாங்க... வரச் சொல்றாங்களா, போகச் சொல்றாங்களான்னுதான் தெரியல."